பின்னறைக்கு இழுத்த ஒயர்

எங்கள் வீட்டில் டிவி இரண்டு. செட்டாப் பாக்ஸ் ஒன்று.

முன்னறையில் பெரிய டிவி, அதன் கீழே பாக்ஸ். பின்னறையில் என் மனைவியின் கட்டிலுக்கு எதிரே சின்ன டிவி. பாக்ஸிலிருந்து ஒரு நீள ஒயர் சுவரோரமாகப் போய்ச் சின்ன டிவியில் சேரும். முன்னறையில் என்ன ஓடுகிறதோ அதுதான் பின்னறையிலும் ஓடும். சேனல் மாற்ற வேண்டுமானால் பாக்ஸுக்கு நேராக நின்று ரிமோட்டை அமுத்த வேண்டும். ரிமோட்டிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அது சுவரைத் தாண்டாது.

அவளால் முன்னறைக்கு வர முடியாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போவாள். போய் வருவதற்குள் வேர்த்துவிடும். மூன்று வருடம் முன்பு சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடை நாங்கள் போன மொபெட்டைத் தூக்கிப் போட்டது. அவளுக்கு இடுப்பும் முதுகும் போயின. எனக்கு முழங்கை தேய்ந்தது. வண்டி ஓட்டியது நான்.

அதற்கு முன் ரோஜாப்பூ கம்பெனியில் வேலை செய்தாள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பூ வெட்டி, காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, கட்டுக் கட்டும் வேலை. நானும் முதலில் அங்கேதான் வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். பழக்கம் அங்கே வந்தது. நான் மத்தூர் பக்கம். அவள் ஆனேக்கல் பக்கம், வீட்டில் கன்னடம். கல்யாணமாகி வந்து தமிழ் பழகினாள். ஒரு வருடத்தில் என் அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்குப் பேசினாள். நான் கன்னடம் பழகவில்லை. தேவைப்படவில்லை.

இப்போது நான் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஆப்பரேட்டர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். திரும்ப ஆறு, ஆறரை. பிள்ளைகள் இல்லை. மாடியில் ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டுக்கு ஈயம் வைக்கிறாள். ஷிப்டுக்கு ஏற்றபடி அவ்வப்போது இறங்கி வந்து என் மனைவியைப் பார்த்துவிட்டுப் போவாள். மற்றபடி பகல் முழுக்க வீட்டில் ஒரே ஆள்.

விழுந்த பிறகு அவள் எதையும் கேட்பதில்லை. தண்ணீர் தீர்ந்தால் சொல்ல மாட்டாள். போர்வை கீழே விழுந்தால் அப்படியே கிடப்பாள். என்ன குழம்பு வைக்கட்டும் என்றால், எதுவாயிருந்தாலும் சரி. விழுந்த பிறகுதான் இப்படி என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கால் மெதுவாக வரும், ஆனால் இவர்கள் மனதை விட்டுவிட்டால் அந்தக் காலும் வராது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பேச்சுக் கொடுங்கள் என்றார். எனக்கு அது வராது.

காலையில் கிளம்பும்போது கேட்பேன்.

"எந்த சேனல் வெக்கட்டும்?"

"எதோ ஒண்ணு வெச்சிட்டுப் போங்க."

ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போவேன்.

ஒருநாள் திரும்பி வந்தபோது டிவியில் இரண்டு பேர் ஒட்டாத தோசைக்கல் விற்றுக்கொண்டிருந்தார்கள். காலையில் நான் வைத்த சேனலில் மதியத்துக்கு மேல் விளம்பரம்தான் ஓடுமாம். அவள் அதைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"எவ்ளோ நேரமா இது ஓடுது?"

"பன்னண்டு மணிலேருந்து."

"ஆஃப் பண்ணியிருக்கலாமே."

"பண்ணா செவுத்ததான் பாக்கணும். இதுல ரெண்டு பேராவது பேசறாங்க."

"மேல அந்தப் பொண்ணக் கூப்புட்டு மாத்தச் சொல்றது?"

"அதுக்குன்னு ஒருத்தரப் படியெறங்க வெக்கறதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொரு பாக்ஸ் வாங்கலாம் என்றேன். படுத்துக் கிடப்பவளுக்குத் தனிப் பாக்ஸ் எதற்கு என்றாள். பாக்ஸையே பின்னறைக்கு மாற்றுகிறேன் என்றேன். அப்புறம் நீங்கள் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டாள்.

எங்கள் பிரஸ்ஸில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் வெளிச்சம் மறையும், மெஷின் நிற்கும். வெளிச்சம் ஒரு பக்கம் புறப்பட்டு இன்னொரு பக்கம் சேர்ந்தால் ஒயர் வழியாக மெஷினுக்குச் செய்தி போகிறது. அதைத் தினமும் பார்க்கிறேன். அவள் ரிமோட்டின் வெளிச்சத்தைப் பின்னறையில் ஒரு சென்சார் பிடித்து, ஒயர் வழியாக முன்னறைக்கு அனுப்பி, அங்கே ஒரு சின்ன பல்பு அதே வெளிச்சத்தைப் பாக்ஸுக்குக் காட்டினால் போதுமே என்று பட்டது. நான் படித்தது எட்டாவது. ஆனால் இது படிப்பில் இல்லை என்று தோன்றியது.

போனில் தேடினேன். ஆளாளுக்கு ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். இருப்பதிலேயே சுருக்கமான ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூன்று கால் சென்சார் ஒன்று, டிரான்சிஸ்டர் ஒன்று, ரிமோட்டின் மூக்கில் இருக்கிற மாதிரி எல்.இ.டி. ஒன்று. கரண்டுக்குப் பழைய போன் சார்ஜர். அவளுக்கென்று தனி ரிமோட் ஒன்று. எல்லாம் ஒரு பொட்டலத்தில் அடங்கிவிட்டது.

ஈயம் வைத்தது நான்தான். மாடிப் பெண் இறங்கி வந்து பார்த்தாள்.

"என்னண்ணே இது, காக்கா எச்சம் போட்டு வச்ச மாதிரி இருக்கு?"

"புடிச்சிருக்குதில்ல. அது போதும்."

"எங்க லைன்ல இத வச்சா சூப்பர்வைசர் என்னையத் தூக்கி ஸ்கிராப்புல போட்டுருவாரு. குடுங்க இங்க."

உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வைத்தாள். ஒவ்வொரு காலிலும் ஈயம் சின்னப் பொட்டு மாதிரி நின்றது. இது எப்படி வேலை செய்யும் என்று அவளிடம் கேட்டேன். சிரித்தாள்.

"எட்டு மணி நேரம் போர்டுக்கு ஈயம் வைக்கிறேன். அது கார்ல போகுதா கக்கூஸ்ல போகுதான்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லண்ணே."

மூன்று கம்பி ஒயரை நிலைப்படிக்கு மேலே ஓட்டி, ஆணி அடித்து, பின்னறைச் சுவரில் டியூப் லைட்டுக்குக் கீழே சென்சாரை ஒட்டினேன். அங்கிருந்து கட்டில் நேராகத் தெரியும். முன்னறையில் எல்.இ.டி.யைப் பாக்ஸின் முகத்தில் கறுப்பு டேப் போட்டு ஒட்டினேன். என் மனைவி ரிமோட்டை அமுத்தினாள். சேனல் மாறவில்லை.

டேப்பைப் பிரித்துவிட்டு, மறுபடி அமுத்தச் சொல்லி, எல்.இ.டி.யைப் போன் கேமராவில் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவில் ஊதாவாகத் தெரியும். எரிந்தது. அவள் அமுத்தும்போதெல்லாம் துடித்தது. ஆனால் பாக்ஸ் அதை மதிக்கவில்லை. இரண்டு நாள் ஒயரையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவள் விடுங்க என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிவி மெக்கானிக் இருக்கிறார். எடுத்துக்கொண்டு போனேன். திருப்பிப் பார்த்தார்.

"ஈயம் யாரு வெச்சது?"

"மாடில இருக்கற பொண்ணு."

"நல்லா வெச்சிருக்குது. சர்க்யூட்டுதான் தப்பு. அண்ணா, நீ எங்க வேல செய்யற?"

"பிரஸ் ஷாப்புல."

"உங்க கம்பெனில மெட்டீரியல் வெளிய போவணும்னா கேட் பாஸ் கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"பாஸுல சீல் இல்லைன்னா?"

"திருப்பி அனுப்பிடுவாங்க."

"அதான் ஆவுது."

பிறகு விளக்கினார். ரிமோட்டின் வெளிச்சம் வெறுமனே விட்டு விட்டு எரிவதில்லை. எரிகிற ஒவ்வொரு பொழுதுக்குள்ளும் அது நொடிக்கு முப்பத்தெட்டாயிரம் தடவை நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் சீல். அது இருந்தால்தான் பாக்ஸ் இது ரிமோட் என்று நம்பும். மூன்று கால் சென்சார் உள்ளே வாங்கும்போதே சீலைக் கிழித்துப் போட்டுவிட்டுச் செய்தியை மட்டும் கொடுக்கிறது. நான் சீல் இல்லாத செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தேன். எட்டுக் கால் ஐ.சி. ஒன்றைச் சேர்த்தால் முன்னறையில் மறுபடி சீல் அடித்து அனுப்பலாம். எந்தக் காலுக்கு எது என்று ஒரு பீடி அட்டையின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார். நடுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் உண்டு, சரியான இடத்தை நீயே பார்த்து நிறுத்திக்கொள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிப் பெண் ஈயம் வைத்துக் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். நான் முன்னறையில் பாக்ஸுக்கு முன்னால் குந்தியிருந்தேன். கையில் சின்ன ஸ்க்ரூடிரைவர். என் மனைவி பின்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"அமுத்து!"

"அமுத்திட்டேன்!"

"மாறல. இன்னொரு தபா!"

"அமுத்திட்டேங்கறேன்!"

திருகைக் கொஞ்சம் தள்ளினேன்.

"அமுத்து!"

"எத்தினி தபா அமுத்தறது, கட்ட வெரல் தேயுது!"

"அமுத்து, பேசாத!"

"நீங்கதான் கத்தறீங்க!"

சேனல் மாறியது. அவள் மறுபடி அமுத்தினாள், மறுபடி மாறியது. நான் ஒன்றும் சொல்வதற்குள் பத்துப் பதினைந்து சேனல் ஓடிவிட்டது. சமையல், சாமி, மல்யுத்தம், நியூஸ், கார்ட்டூன். நான் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த பிறகு அவள் கத்தி நான் கேட்டது அன்றுதான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் காலையில் நான் எந்தச் சேனலும் வைக்கவில்லை. டிவியைப் போட்டுவிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

வியாழனோ வெள்ளியோ. மார்கழி மாதம், ஆறு மணிக்கே இருட்டு. பஸ் விட்டு இறங்கி நடந்து வந்தால், பின்னறை ஜன்னலில் லைட் இல்லை. சுவிட்சை அவள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நான்தான் மாற்றியிருந்தேன். கேட்டருகே நின்றிருந்த மாடிப் பெண் சொன்னாள்.

"அண்ணே, அக்கா மூணு நாளா இப்டித்தான். நான் லைட்டப் போட்டா அணச்சிரு, அணச்சிருங்குறாங்க. இருட்டுலயே கெடக்காங்க."

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். டிவி வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. டிவியில் என்ன ஓடியது என்று நான் பார்க்கவில்லை. லைட்டைப் போட்டேன்.

"அணைங்க."

"எதுக்கு அணைக்கணும்? எதுக்கு இப்பிடி இருட்டுல கெடக்கற? உனுக்கு என்னா ஆச்சு?" என் குரல் பெரிதாகிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். ரிமோட்டைத் தூக்கிச் சென்சார் பக்கம் நீட்டி அமுத்தினாள். டிவியில் ஒன்றும் மாறவில்லை. கையை நீட்டி லைட்டை அணைத்தாள். மறுபடி அமுத்தினாள். சேனல் மாறியது.

"லைட்டு போட்டா வேல செய்யல. ரெண்டுல ஒண்ணுதான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்னா?"

"கஷ்டப்பட்டுச் செஞ்சீங்க. அதுல போய் குத்தம் சொல்றதா?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மனதை விட்டுவிட்டாள் என்று நான் பயந்தது வேறு. இருட்டில் உட்கார்ந்தாவது சேனலைத் தானே மாற்ற வேண்டும் என்று அவள் இருந்தது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டார். டியூப் லைட்டின் சோக் எலக்ட்ரானிக் என்றால் அதன் வெளிச்சமும் அதே மாதிரி நடுங்கும், சென்சார் குழம்பும். நான் சென்சாரைக் கொண்டுபோய் டியூப்புக்கு அடியிலேயே ஒட்டியிருந்தேன். கழற்றி டிவிக்குப் பக்கத்தில் கீழே இறக்கினேன். பூ கம்பெனியில் சொட்டு நீருக்குப் போடுகிற கறுப்புக் குழாயில் ஒரு துண்டு வீட்டில் கிடந்தது. விரல் நீளம் வெட்டி, கட்டிலைப் பார்க்கிற மாதிரி சென்சாருக்கு மூடி போட்டேன். லைட் எரிந்தது, சேனலும் மாறியது. அவள் தலையை ஆட்டினாள்.

அதற்கடுத்த வாரம்தான் புதுத் தொல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நான் நியூஸ் பார்ப்பது வழக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேனல் மாறியது. ஏதோ கன்னட நாடகம். ஒரு பெண் கதவருகே நின்று அழுதாள். என் ரிமோட்டை எடுத்து நியூஸுக்கு மாற்றினேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். மறுபடி அதே பெண்.

கம்பெனியில் ஒரு மெஷின் நாம் சொல்லாததைச் செய்தால் அது ஃபால்ட். சிவப்பு விளக்கைப் போட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிடுவோம். எனக்கு அப்படித்தான் யோசிக்கத் தெரியும். எல்.இ.டி.யின் டேப்பைப் பிரித்தேன். சேனல் அசையாமல் நின்றது. ஒட்டினேன். மாறியது. ஆக, ஃபால்ட் நான் செய்த பெட்டியில்தான். எங்கிருந்தோ வேறு வெளிச்சத்தைப் பிடிக்கிறது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"உனுக்கும் தானா மாறுதா?"

"ஆமா, மாறுது," என்றாள்.

மறுநாள் சாமி படத்துச் சீரியல் பல்பைப் பிடுங்கினேன். ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். திருகை ஒரு மயிரிழை தள்ளிப் பார்த்தேன். ஏழரை மணி ஆனால் கன்னடத்துக்குப் போய்விடும். மூன்றாம் நாள் மாடிப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஈயம் எங்கயோ விட்டிருக்குதும்மா. தானா மாறுது."

அவள் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதுவும் விடவில்லை. பக்கத்திலேயே நின்றாள். சேனல் மாறியது. அவள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னறைக்குள் போனாள். உள்ளே இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஃபால்ட்டக் கண்டுபிடிச்சிட்டேண்ணே."

"எங்க?"

"உள்ள கட்டில்ல ஒக்காந்திருக்கு. போய்ப் பாருங்க."

நான் போனேன். அவள் ரிமோட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள்.

"நீயா மாத்தற?"

"வேற யாரு மாத்துவா? இதுக்கு என்னா, பேயா புடிச்சிருக்குது?"

"தானா மாறுதான்னு கேட்டேன். ஆமான்னியே."

"மாறுதான்னு கேட்டீங்க, மாறுதுன்னேன். நீ மாத்தறியான்னு கேக்கலியே."

"சாக்கெல்லாம் கட்டினேன்."

"பாத்தேன். காத்து வரல."

"கன்னடம் பாக்கணும்னு உனுக்கு ஆசையின்னு எனுக்குத் தெரியாது."

"பின்ன எனுக்குத் தெலுங்கு பாக்கணும்னா ஆசை இருக்கும்?"

முன்னறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி இருபது வருடம் தாண்டிவிட்டது. அவள் விழுந்து கிடந்த இந்த மூன்று வருடம்தான் அவளால் சேனல் மாற்ற முடியவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் முன்னறையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்த காலத்தில் ரிமோட் யார் கையில் இருந்தது என்று யோசித்தேன். என் கையில்தான். அவள் கேட்டதில்லை. கேட்காததால் வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். விழுந்த பிறகுதான் கேட்பதை விட்டாள் என்று டாக்டரிடம் சொன்னதும் அரைப் பொய்தான். கேட்காமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை. நடக்க முடிந்த வரைக்கும் தனக்கு வேண்டியதைத் தானே எழுந்து செய்துகொண்டாள். அதனால் எனக்குத் தெரியவில்லை.

டிவியில் அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். என் ரிமோட் பக்கத்தில் கிடந்தது. நான் எடுக்கவில்லை.

மறுநாள் ஏழரைக்கு நாடகம் வந்தது. முன்னறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு சொல் புரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தேன். இரண்டு அறையிலும் ஒரே படம். பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவள் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. வாக்கரைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

"இவ யாரு?"

"மூத்த மருமக."

"எதுக்கு அழுவறா?"

"அழல. நடிக்கறா. மாமியாக்காரிய ஏமாத்தறதுக்கு."

"அவன் என்னா சொல்றான்?"

"ரீ, சும்னிரி," என்றாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏங்க, சும்மா இருங்க என்று அர்த்தம். பூ கம்பெனியில் பழகிய புதிதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் சும்மா இருந்தேன்.

விளம்பரம் வந்தது. அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"சந்தைல அவரக்காய் வந்திருச்சா?"

"வந்திருக்கும். ரோட்டோரம் குமிச்சி வெச்சிருந்தாங்க."

"நாளைக்கி ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க. உரிச்சி ராத்திரி ஊற வெச்சிக் குடுங்க, காலைல ஒக்காந்து தோலு போவப் பிதுக்கறேன். கைக்கென்னா, நல்லாத்தான இருக்குது. பிதுக்கம்பருப்புக் கொழம்பு வெக்கலாம். நான் சொல்றேன், நீங்க வையுங்க."

"சரி."

"முத்தலா பாத்து வாங்குங்க. போன வருஷம் வாங்கினாப்பல பூச்சி புடிச்சத வாங்கியாராதீங்க."

"சரி."

"தேங்காயும் இல்ல."

நாடகம் மறுபடி வந்துவிட்டது.

அடுத்த நாள் கம்பெனி பஸ்ஸில் வீடு வரை வரவில்லை. சந்தை முனையிலேயே இறங்கிக்கொண்டேன். பனியில் விளைந்த அவரைக்காய் எண்ணெய் பூசின மாதிரி கையில் ஒட்டியது. வாசனையும் இருந்தது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பொறுக்கினேன். கடைக்காரம்மா, இப்படிப் பொறுக்கினால் மீதியை யார் தலையில் கட்டுவது என்று சத்தம் போட்டாள். வீட்டில் சொன்னது இரண்டு கிலோதான். நான் மூன்று வாங்கினேன்.